சும்மா நின்ற குழாய்

"1952, மார்ச், இரண்டாம் செவ்வாய். நியாலாஸ் சாலைக் குடியிருப்பு. பொதுக் குழாய் ஒன்று. காலை பத்து இருபதுக்குத் தண்ணீர் வருவது நேரில் பார்க்கப்பட்டது. குழாய் இலவசம்."

ஆங்கிலத்தில் நான் தட்டச்சு செய்த அறிக்கையின் ஒரு பத்தியைத்தான் மேலே தமிழில் தந்திருக்கிறேன். அதன் நகல் போன மாதம் தபாலில் வந்தது. அனுப்பியவர் நகராண்மைக் கழகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் பெண் அதிகாரி. பொது இடங்களைப் பார்வையிட்டுக் குறை சொல்லப் பொதுமக்கள் சிலரைக் கொண்டு ஒரு குழு அமைக்கப் போகிறார்களாம். பழைய காலத்திலும் அப்படி ஒன்று இருந்ததா என்று கோப்புகளைப் புரட்டியபோது என் பெயர் அகப்பட்டிருக்கிறது. கடிதத்தில் அவர் கேட்டிருந்தது ஒரே கேள்வி: "ஐயா, அந்தக் காலத்தில் மற்றக் குழாய்களுக்கெல்லாம் காசு வாங்கினார்களா? இதை மட்டும் இலவசம் என்று தனியாக எழுதியிருக்கிறீர்களே?"

நல்ல கேள்வி. நாற்பது வருடங்களுக்கு முன் யாராவது இதைக் கேட்டிருந்தால் எனக்குப் பல நாள் தூக்கம் மிஞ்சியிருக்கும். பதிலை ஒரு பக்கத்தில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

என் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலாக்கா டவுனில் பிறந்தேன். அப்பா துணிக்கடை வைத்திருந்தார். பள்ளி, ஜப்பான்காரன் வந்ததால் பாதியில் நின்ற படிப்பு, பிறகு தட்டச்சு, சுருக்கெழுத்து, ஜாசின் மாவட்ட அலுவலகத்தில் தற்காலிகக் கிராணி, அதாவது எழுத்தர். ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றும் எழுதத் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் வேலையும் சேர்ந்து வந்தது. ரப்பர் தோட்டத்தில் நான் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு அரிசியும் மருந்தும் போய்விடாமல் தடுக்க, சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, ஒரு வாசல் வைத்திருந்தார்கள். மாலையில் மூடும் வாசல் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். வேலிக்குள் ஆட்களைக் கொண்டுவந்த பிறகு அவர்களுக்குத் தண்ணீர், கக்கூசு, மருந்து எல்லாம் யார் பொறுப்பு என்று கடிதங்கள் பறந்தன. அப்போது பிறந்ததுதான் எங்கள் குழு. கோப்பில் அதற்கு நீளமான பெயர். ஊரில் 'பார்வைக் கமிட்டி' என்பார்கள். சம்பளமில்லாத மூன்று பெரியவர்கள், சம்பளமுள்ள ஒரு கிராணி. அந்தக் கிராணி நான்.

தலைவர் அருளையா, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டாமவர் சிக்கு ஹாசிம், முப்பது வருடம் மலாய்ப் பள்ளியில் பாடம் சொன்னவர்; சிக்கு என்றால் மலாயில் வாத்தியார். மூன்றாமவர் ஒரு பாபா சீனர், தலைமுறைகளாக மலாக்காவிலேயே ஊன்றிவிட்ட குடும்பம். உம்பாய் பக்கம் பார்வையிடப் போனால் தவறாமல் வருவார், ஏனென்றால் திரும்பும் வழியில் சுட்ட மீன் கிடைக்கும். மற்ற இடங்களுக்குப் போகும் நாளில் அவருக்குக் கால்வலி வந்துவிடும்.

அருளையாவின் கைப்பையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும். ரயில்வே கடிகாரம், வெப்பமானி, பார்சல் ஆபீசில் பயன்படுத்திய இரும்பு எடைக்கல். பார்வையிடப் போகும் இடத்தில் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார். சொந்த பிளாஸ்க்கும் இரண்டு பன்னும் காரில் இருக்கும். சிம்பாங் அம்பாட் மருந்தகத்துக்கு நாங்கள் போனபோது, அதை நடத்தும் மருத்துவ உதவியாளர், டிரெசர், எங்களை வரவேற்று உட்காரச் சொல்லி முடிப்பதற்குள், இவர் தம் எடைக்கல்லைக் குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைத்துவிட்டார். தராசு கூடுதலாகக் காட்டியது. அந்த வட்டாரத்துக் குழந்தைகள் எல்லாம் ஒரே காலையில் இளைத்துப் போனார்கள். டிரெசரும் இளைத்துப் போனார்.

எனக்கு அவர் முதல் நாளே ஒரு கட்டளை போட்டிருந்தார். "தம்பி, கண்ணால கண்டதை எழுதும். காதால கேட்டதைப் பக்கத்தில எழுதும். ரெண்டையும் ஒண்டாய்ப் போட்டுக் குழைக்காதையும்."

இதற்காகவே இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு தாளை அச்சடித்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு கட்டம்: கண்டது, கேட்டது. ஏழாம் கேள்வி: வசதி வேலை செய்கிறதா? எட்டாம் கேள்வி: பயன்படுத்துவோரிடம் காசு வாங்கப்படுகிறதா? இந்த எட்டாம் கேள்வி ஒரு சந்தைக் கக்கூசில் வாசலில் நின்றவன் எங்கள் தலைவரிடமே காசு கேட்டதற்குப் பிறகு சேர்க்கப்பட்டது.

அந்த மார்ச் செவ்வாய்க்கு வருகிறேன்.

நியாலாஸ் சாலைக் குடியிருப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. ஆட்கள் எல்லாம் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போயிருந்தார்கள். வேலிக்குள் வயதானவர்கள், கோழிகள், காலில் வீக்கம் என்று வேலைக்குப் போகாமல் நின்றிருந்த பச்சையம்மா. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். குழாய் வேலைகளுக்குப் பொறுப்பான ஓவர்சியர் சபாபதி எங்களுக்கு முன்னாலேயே வந்து குழாயடியைக் கழுவி வைத்திருந்தார். விதிப்படி மூன்று நாளுக்கு முன்பே எழுத்தில் அறிவித்துவிட்டுத்தான் நாங்கள் போவோம். சபாபதி குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. அருளையா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. கண்டது கட்டத்தில் எழுதினேன்.

கேட்டது கட்டத்துக்காகப் பச்சையம்மாவிடம் திரும்பி, "குழாய் எப்படிங்கக்கா?" என்று கேட்டேன்.

அவர் கொட்டும் தண்ணீரைப் பார்த்தார். சபாபதியைப் பார்த்தார். "சும்மாதாங்க நிக்குது, கிராணி ஐயா," என்றார்.

நான் 'சும்மா' என்று எழுதிக்கொண்டேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், கோட்டின் மேலேயே. என் கையெழுத்து சிறியது, கட்டமும் சிறியது. அருளையா தலையை ஆட்டினார். அடுத்து கக்கூசைப் பார்க்கப் போனோம்.

பத்து நாள் கழித்து அறிக்கை தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். 'சும்மா'. எட்டாம் கேள்வியை ஒட்டி இருக்கிறது. காசு வாங்குகிறார்களா என்ற கேள்விக்குச் சும்மா என்றால் என்ன? அப்பா கடையில் பத்து முழத்துக்கு ஒரு கைக்குட்டை சும்மா. நான் கடைக்காரன் மகன். குழாய் இலவசம் என்று ஆங்கிலத்தில் தட்டி, கையெழுத்துக்கு வைத்தேன். ஏப்ரல் இரண்டாம் செவ்வாய்க் கூட்டத்தில் அறிக்கை உறுதி செய்யப்பட்டது. சிக்கு ஹாசிம் முன்மொழிந்தார். மீன் சாப்பிடுகிறவர் வழிமொழிந்தார்.

அதற்கு மறுநாள் விடியும் முன், வாசல் திறப்பதற்குள், பச்சையம்மாவை வேலியோரத்தில் பிடித்தார்கள். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் மூடி போட்ட பால் வாளி. மழைத்தண்ணீர் வெளியேற வேலிக்கடியில் வெட்டிய கால்வாய் வழியாக வெளியே போய், ஓடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். ஊரடங்கு நேரத்தில் வேலிக்கு வெளியே போவது அன்றைக்குச் சின்னக் குற்றமில்லை. தண்ணீருக்குப் போனேன் என்றார். இன்னும் யார் யார் இப்படிப் போகிறார்கள் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. ஜாசின் போலீஸ் நிலையத்தில் அடைத்தார்கள். பிள்ளைகளை அடுத்த வீட்டுக்காரி வைத்துக்கொண்டாள். மாவட்டத் துரை விசாரித்துச் சிபாரிசு எழுத வேண்டும். அதைப் பொறுத்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். பச்சையம்மா நியாலாஸில் பிறந்தவர். கடலையே அவர் பார்த்ததில்லை.

இந்த விசாரணைக்கு மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். முன்கூட்டியே படித்துக்கொள்ளக் கோப்பைக் கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆபீசில் உட்கார்ந்து புரட்டினேன். தண்ணீர் இல்லாமல்தான் ஓடைக்குப் போனதாக அந்தப் பெண் சொல்வது பொய் என்று சபாபதி எழுதிக் கொடுத்திருந்தார். ஆதாரம்: பார்வைக் கமிட்டியே நேரில் வந்து தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறது, அதோடு குழாயில் எந்த அடைப்பும் இல்லை என்று எழுத்தில் சான்று கொடுத்திருக்கிறது.

அடைப்பா? அப்படி நான் எங்கே எழுதினேன்? பக்கத்தைத் திருப்பினால் என் வாக்கியம். அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் நான் போட்ட 'ஃப்ரீ' என்ற அந்த ஒரே சொல்லுக்குக் காசில்லை என்றும் பொருள், தடையில்லை என்றும் பொருள். குழாய் வேலைக்காரர் தமக்குத் தெரிந்த பொருளை எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் பச்சையம்மா சொன்னது என்ன? 'சும்மாதாங்க நிக்குது.' திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வேலை செய்யாமல் நிற்பவனை என்ன சொல்லுகிறோம்? சும்மா நிற்கிறான் என்கிறோம். குழாய் வேலை செய்யவில்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். ஓவர்சியர் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு மேல் எப்படிச் சொல்வார்? கண்ணெதிரே தண்ணீர் கொட்டியதால் எங்கள் யாருக்கும் அந்தப் பொருள் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அருளையாவின் வீட்டுக்குப் போனேன். தேவாலயத்திலிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே, ஐந்து கடிகாரங்களுக்கும் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவி கொடுப்பதை நிறுத்தவில்லை.

"இதென்ன கண்டறியாத எழுத்து," என்றார். பிறகு, "உமக்கு எத்தனை சும்மா தெரியும்?"

காசில்லாமல், வேலையில்லாமல், காரணமில்லாமல், பேசாமல் என்று நான்கு சொன்னேன்.

"எங்கட பக்கத்தில இன்னொண்டு இருக்குது, தம்பி. எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டால் சும்மா இருக்கிறன் எண்டு சொல்லுவம். குறையொண்டும் இல்லை எண்டு அர்த்தம். அந்தப் பிள்ளை சொன்னதை நான் அப்பிடித்தான் கேட்டனான். தலையையும் ஆட்டிப்போட்டன்."

ஐந்தாவது கடிகாரத்தின் கதவை மூடினார். கடைக்காரன் மகனுக்கு ஒரு சும்மா, ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு சும்மா. சொன்னவளுடைய சும்மாவை மட்டும் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அறிக்கையைத் திருத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் தண்டவாளத்தைக் கழற்றலாமா என்று நான் கேட்டதுபோல் இருந்தது. உறுதி செய்த குறிப்பைத் தொட முடியாது. இன்னொரு தடவை போய், கண்ணால் கண்டு, இன்னொரு குறிப்பு எழுதத்தான் முடியும். விசாரணை வரும் புதனுக்கு அடுத்த புதன். அதற்கு முந்தின நாள், ஏப்ரல் கடைசிச் செவ்வாய், போவது என்று முடிவானது. ஆனால் மூன்று நாள் முன்பு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் சபாபதி மறுபடியும் குழாயடியைக் கழுவி, பத்து மணிக்குத் தண்ணீரோடு நிற்பார்.

அருளையா அறிவிப்பைத் தாமே சொல்லி எழுதவைத்தார். 'செவ்வாய்க்கிழமை வருவோம்' என்று மட்டும். மணி போட மறந்துவிட்டதாக நினைத்து, "எத்தனை மணிக்கு ஐயா?" என்றேன்.

"விதியில நாள் எண்டுதானே கிடக்குது. மணி எண்டு கிடக்கே?"

வாசல் திறக்கும் முன் குடியிருப்புக்குள் நுழைவது பெரிய காரியம். அதைச் சிக்கு ஹாசிம் பார்த்துக்கொண்டார். அனுமதிச் சீட்டு போலீசிடமிருந்து முறைப்படி வந்தது. ஆனாலும் அன்று காலை ஐந்தரைக்கு வாசலில் காவலிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, எங்கள் கார் விளக்கில் கண்ணைச் சுருக்கினார். சிக்கு இறங்கி நடந்து போனார். பையனாக இருந்தபோது தம்மிடம் படித்தவர் என்று அடையாளம் கண்டு, மலாயில், ஏழாம் வாய்ப்பாடு இப்போதாவது வருகிறதா என்று கேட்டார். கான்ஸ்டபிள் துப்பாக்கியை இறக்கி, கைகட்டி நின்றார். சீட்டை வாங்கிப் பார்க்கவே மறந்துவிட்டார். சிக்குதான் வற்புறுத்திப் பார்க்கவைத்தார்.

உள்ளே குழாயடியில் நான் பார்த்ததை இன்றும் அப்படியே சொல்ல முடியும். குழாயிலிருந்து லயம் வரைக்கும் மண்ணெண்ணெய்த் தகரங்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஆட்கள் இல்லை. தகரமில்லாதவர்கள் ஒரு கொட்டாங்கச்சி, ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு என்று வைத்து இடம் பிடித்திருந்தார்கள். எந்தச் செருப்பு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். வரிசையில் ஒன்பதாவது தகரம் பச்சையம்மாவுடையது. ஆள் லாக்கப்பில் இருந்தாலும் அடுத்த வீட்டுக்காரி அதைத் தினமும் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாளாம். யாரும் அதைத் தள்ளவில்லை.

காரின் சத்தம் கேட்டு, பால்வெட்டுக்குத் தலைத்துண்டு கட்டிய பெண்கள் கூடிவிட்டார்கள். அருளையா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கடிகாரத்தைத் தொடைமேல் வைத்தார். குழாயைத் திருகச் சொன்னார். நான் திருகினேன். உஸ் என்றது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, கீழே விழுந்தது.

"எழுதும்," என்றார் அருளையா. "அஞ்சு நாப்பது: காத்து. அஞ்சு நாப்பத்திரண்டு: கரப்பொத்தான், ஒண்டு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "அதுவாச்சும் இன்னிக்கு வந்துச்சே. நல்லாப் பாத்து எழுதிக்குங்க, அப்புறம் அதையும் இல்லேன்னுடப் போறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சைக்கிளில் சபாபதி வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் போட்டிருந்தன. கோபத்தைவிட அவர் முகத்தில் வருத்தம்தான் தெரிந்தது. "செவ்வாக்கெழமைன்னு எழுதிட்டு இப்ப வந்து நிக்கிறீங்களே, ஐயா. இன்னும் விடியவே இல்லியே. விடியற வரைக்கும் நமக்கு இது திங்கக்கெழமைதானுங்களே."

பஞ்சாங்கப்படி அவர் சொன்னது சரி. நான் அருளையாவைப் பார்த்தேன்.

"உம்மட நாள் சூரியனோட வருது, ஓவசியர். ரயில்வேயில நாள் பன்னிரண்டு மணியோட வந்திடும். நான் இங்க வரேக்குள்ள செவ்வாய்க்கு அஞ்சரை மணித்தியால வயசு."

சபாபதி சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. குன்றின்மேல் அதிகாரிகள் குடியிருப்பில் ஒரு தொட்டி இருந்தது. காலையில் அது நிரம்பிய பிறகுதான் கீழ்க்குழாயின் வால்வைத் திருப்ப வேண்டும், ஆட்கள் வேலை முடிந்து திரும்பும் மாலை நான்கு மணிக்கு மறுபடி மேலே திருப்பிவிட வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் எடுத்து வந்திருந்தார். அருளையா அதைப் படித்து, நகல் எடுக்கச் சொன்னார்.

ஆறு மணிக்கு வாசல் திறந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்தது. பெண்கள் வாளியும் கத்தியுமாகப் போய்விட்டார்கள். தகரங்கள் மட்டும் நின்றன. சபாபதி போய் வால்வைத் திருப்பிவிட்டு வந்து மறுபடி படியில் உட்கார்ந்தார். ஆறு முப்பத்தைந்துக்குக் குழாய் இருமி, முதலில் செம்மண்ணாகவும் பிறகு தெளிவாகவும் கொட்டத் தொடங்கியது. அருளையா ஏழு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நான் எழுதியது இது: ஆள் இருந்த நேரம், தண்ணீர் இல்லை. தண்ணீர் வந்த நேரம், ஆள் இல்லை. நாங்களும் கிழவர் இருவரும் சேர்ந்து அந்தத் தகரங்களை நிரப்பினோம். சபாபதியும் எழுந்து வந்து பிடித்தார். செருப்புக்கு என்ன செய்வது என்று சிக்கு கேட்டார்.

மறுநாள் புதன், விசாரணை. மாவட்டத் துரை நிதானமான ஆள். பென்சில் சீவிக்கொண்டே கேட்பார். சீவுவதை நிறுத்தினால் கவனிக்கிறார் என்று பொருள். பச்சையம்மாவை இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். வீங்கிய கால் இன்னும் வற்றவில்லை. அருளையா சுவரோரத்து நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பேச உரிமையில்லை. அறிக்கை மட்டுமே பேசலாம். முதலில் பிடிபட்ட பொருள்களின் பட்டியலை வாசித்தார்கள். மலாயில் எழுதியது. வாளி இரண்டு, ஒன்றில் தண்ணீர், ஒன்று காலி என்று நான் மொழிபெயர்த்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு சபாபதியின் வாக்குமூலம். என் வாக்கியம் வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். மொழிபெயர்ப்பாளனாக இல்லாமல் சாட்சியாகப் பேச அனுமதி கேட்டேன். பென்சில் நின்றது. அந்தச் சொல் என் தவறு, அந்தப் பெண் குழாய் வேலை செய்யவில்லை என்றுதான் முதல் நாளே எங்களிடம் சொன்னார், நேற்றைய குறிப்பு இதோ என்று இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தேன். என் நிரந்தர வேலைக்கான தாள் அதே மேசையின் இன்னொரு தட்டில் கையெழுத்துக்குக் கிடந்தது எனக்குத் தெரியும்.

துரை கரப்பான்பூச்சி வரியை இரண்டு தடவை படித்தார். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு என்னதான் பொருள் என்று கேட்டார். நான்கையும் சொன்னேன். அருளையா தொண்டையைக் கனைத்தார், ஐந்தாவதையும் சொன்னேன். இத்தனை பொருளுள்ள சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று துரை கேட்டார். பிறகு பச்சையம்மாவைப் பார்த்து, வாசல் திறக்கும் வரை பொறுக்காமல் ஏன் வெளியே போனாய் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நான் சும்மா போவலீங்க, கிராணி ஐயா. புள்ளைங்களுக்குச் சோறாக்கணும், தண்ணிக்குப் போனேன். பெரட்டுக்கு முன்னால அடுப்பு மூட்டணுமில்ல."

நான் ஆங்கிலத்தில் தொடங்குவதற்குள் துரை கையைக் காட்டினார். அந்தச் சொல் அவர் காதிலும் விழுந்திருந்தது. "இது எந்த சும்மா?" என்று கேட்டார். மூன்றாவது, காரணமில்லாமல் என்றேன். சரி, அப்படியானால் காரணம் இருக்கிறது என்று சொல்லி எழுதத் தொடங்கினார்.

எச்சரிக்கையோடு அன்று மத்தியானமே பச்சையம்மாவை விட்டுவிட்டார்கள். மே மாதத்திலிருந்து வால்வு காலை நாலரைக்கே கீழே திரும்பியது. குன்றின்மேல் இருந்தவர்கள் கொஞ்ச நாள் தாமதமாகக் குளித்தார்கள். எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது, நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போனது. கால்வாயில் கம்பி அடித்தார்கள்.

விசாரணை முடிந்து அன்று திரும்பும்போது காரில் அருளையா பன்னில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அது அதற்கு முன் நடந்ததில்லை. பாதி வழியில், நான் எதுவும் கேட்காமலே, "தம்பி, நாங்கள் குழாயைப் பாக்கிற கமிட்டி. வாளியைப் பாக்கிற கமிட்டி இல்லை, கண்டீரோ," என்றார். எனக்கு விளங்கவில்லை. ஓம் என்று வைத்தேன்.

அடுத்த வருடம் செப்டம்பரில் மலாக்காவின் சில பகுதிகளை வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள்; அங்கெல்லாம் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. குழு மெதுவாகக் கலைந்தது. நான் வேறு இலாகாவுக்கு மாறி, வேறு பல அறிக்கைகள் எழுதி ஓய்வு பெற்றேன். எழுதும்போது 'சும்மா' வந்தால் சொன்னவரிடம் திரும்பிப் போய், எந்த சும்மா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். இதனால் எனக்கு ஆபீசில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத வேண்டாம்.

மெர்டேக்கா என்ற சுதந்திரத்துக்குப் பிறகு சில வருடம் கழித்து, ஜாசின் சந்தையில் ஒரு தோட்டத்து ஆள் காண்டா தூக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கத்து வாளியை இறக்கியதும் கம்பு எகிறி அவர் தோளிலிருந்து நழுவியது. சிரித்துக்கொண்டே, ரெண்டு பக்கமும் சமமா இல்லேன்னா இது நிக்காது, கிராணியாரே என்றார். அப்போதுதான் அருளையா சொன்ன வாளி நினைவுக்கு வந்தது. ஓடையிலிருந்து திரும்பி வந்தவருடைய கம்பில் ஒரு வாளியில் தண்ணீர், இன்னொன்று காலி. தோட்டத்தில் ஒரு நாளாவது வாழ்ந்தவன் அந்தப் பட்டியலை மொழிபெயர்க்கும்போதே நிறுத்தியிருப்பான்.

பிடித்தபோது பயத்தில் ஒரு வாளி கவிழ்ந்திருக்கலாம். அது சாதாரணமாக நடக்கக்கூடியது. அல்லது மூடி போட்ட அந்த வாளியில் அரிசியோ மருந்தோ இருந்து, பிடிபடுவதற்குச் சற்று முன்னால் காட்டோரத்தில் யாருக்கோ இறங்கியிருக்கலாம். அதுவும் அந்தக் காலத்தில் நடந்ததுதான்.

பச்சையம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில். என்னைப் பந்தியில் உட்காரவைத்துத் தாமே பரிமாறினார். இலையிலிருந்து நிமிராமல் கேட்டேன்: "அக்கா, அந்த ரெண்டாவது வாளி?"

அவர் ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தார். "அது சும்மா, தம்பி."

எந்த சும்மா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

கடிதம் எழுதிய அம்மணிக்கு என் பதில்: குழாய்க்கு யாரும் காசு வாங்கவில்லை, அது இலவசம்தான், இதைப் பின்னர் மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய நகல்களில் பொருள் பட்டியலும் இருந்தது. இரண்டாம் வாளிக்கு எதிரே 'கோசோங்' என்ற ஒரே மலாய்ச் சொல். காலி. உட்புறம் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா என்று எழுதியவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் எழுதவில்லை. இது இன்றுவரை சரிபார்க்கப்படாதது.